1,899 வெள்ளிப் போனும் என் மனைவியின் 498 வெள்ளிப் போனும்

நேற்று கோப்பிக்கடையில் நண்பர் தன் புதுப் போனை மேசையில் குப்புற வைத்தார், மூன்று கேமராவும் எங்களையே முறைக்கிற மாதிரி. "ரெண்டு வருஷம் ஆகப் போகுதே, நீ எப்ப மாத்தப் போற?" என்று கேட்டார். அங்கே சொல்லாமல் விழுங்கியதை இங்கே எழுதுகிறேன்.

என்னிடம் இருப்பது ஐபோன் 16 ப்ரோ மேக்ஸ். 2024-இல் வந்தபோது இங்கே சிங்கப்பூரில் ஆரம்ப விலையே 1,899 வெள்ளி, அதாவது சிங்கப்பூர் டாலர். நான் மொத்தமாகக் கொடுத்து வாங்கவில்லை, போனும் சிம்மும் சேர்த்துத் தொலைபேசி நிறுவனத்திடம் கான்ட்ராக்டில் எடுத்தேன். கையில் 640 வெள்ளி, அப்புறம் மாதம் 85 வெள்ளி, 24 மாதம். வாங்கும்போது என் மனசில் நின்றது அந்த 640 மட்டும்தான், என்னமோ லாபம் அடித்துவிட்டதுபோல எம்ஆர்டி ரயிலில் சிரித்துக்கொண்டே வந்தேன். கணக்குப் போட்டது என் மனைவி. 640-உம் 2,040-உம் சேர்த்தால் 2,680. அதே போனைக் கடையில் முழு விலைக்கு வாங்கி, மாதம் 15 வெள்ளிக்கு வெறும் சிம் கார்டு போட்டிருந்தால் 2,259. ஆக, நான் அடித்த லாபம் மைனஸ் 421 வெள்ளி! அவளோ 498 வெள்ளிக்கு ஒரு நடுத்தரப் போனை வாங்கி, அதே 15 வெள்ளி சிம்மைப் போட்டிருக்கிறாள். இரண்டு வருடத்துக்கு 858.

சரி, இவ்வளவு கொடுத்து நான் என்ன செய்கிறேன்? வாட்ஸ்அப், யூடியூப், பணம் அனுப்ப பேநவ், அரசாங்கச் சேவைகளுக்கு சிங்பாஸ், பஸ் எப்போது வரும் என்று பார்ப்பது. அவளும் அதையேதான் செய்கிறாள். பஸ் என் போனில் சீக்கிரம் வருவதில்லை.

வித்தியாசமே இல்லை என்று சொன்னால் பொய். இந்த வருடத் தைப்பூசத்துக்கு மைத்துனர் காவடி எடுத்தார். நள்ளிரவு தாண்டிய நேரம், காவடி புறப்படும் சிராங்கூன் சாலை பெருமாள் கோயில், மேள அடிக்கு ஆள் ஒரு இடத்தில் நிற்கவில்லை. இருவரும் பக்கத்தில் பக்கத்தில் நின்றுதான் எடுத்தோம். அவள் படத்தில் முகம் இழுபட்டு, விபூதி வெள்ளைப் புகைபோலக் கலங்கிப் போயிருந்தது. என் படத்தில் நெற்றி விபூதியில் வியர்வை ஓடிய கோடுகூடத் தெரிகிறது. இருட்டில் ஆடுகிற ஆளைப் பிடிக்க வேண்டுமென்றால் கேமராவுக்குள் ஒளியைப் பிடிக்கிற சென்சார் பெரிதாக வேண்டும், காசு அங்கேதான் போகிறது. அதை ஒத்துக்கொள்கிறேன், மைத்துனர் அந்தப் படத்தைச் சட்டம் போட்டு ஹாலில் மாட்டியிருக்கிறார். ஆனால் விடிந்த பிறகு, காவடி போய்ச் சேரும் டேங்க் ரோடு முருகன் கோயிலில் எடுத்த படங்களைக் குடும்பக் குழுவில் போட்டபோது எது யார் எடுத்தது என்று எனக்கே தெரியவில்லை. பகல் வெளிச்சம் எல்லாப் போனையும் நல்ல போனாக்கிவிடும்.

அதற்காக இருப்பதிலேயே மலிவானதை வாங்குங்கள் என்று சொல்ல மாட்டேன், அந்தத் தப்பையும் நானே செய்திருக்கிறேன், அதுவும் அம்மாவுக்கு. "எனக்கு எதுக்குப்பா பெரிய போனு" என்று அவர் சொன்னதை நம்பி 150 வெள்ளியில் ஒன்று வாங்கிக் கொடுத்தேன். செயலிகள் ஓடத் தேவையான ராம் நினைவகம் 4 ஜிபிதான், சேமிப்பு இஎம்எம்சி என்ற மெதுவான வகை. ஆறு மாதம் ஓடியது, அப்புறம் ஒவ்வொரு அப்டேட்டுக்கும் மூச்சு வாங்கியது. தேக்கா ஈரச் சந்தையில் வாவல் மீனைப் பையில் வாங்கிக்கொண்டு, வங்கிச் செயலி திறக்கத் திறக்க அந்த வட்டம் சுற்றுவதையே பார்த்துக்கொண்டு நிற்கிறார், பின்னால் வரிசை. மீன்காரர், "பரவால்லக்கா, நாளைக்குக் குடுங்க" என்றார். அம்மாவுக்கு அது பெரிய அவமானம், ஒரு வாரம் அந்தக் கடைப் பக்கமே போகவில்லை. இப்போது அவரிடமும் நடுத்தரப் போன்தான். அதில் சேமிப்பு யுஎஃப்எஸ் என்ற வேகமான வகை, ராம் 8 ஜிபி. அந்த வட்டத்தை அவர் மறந்தே போய்விட்டார்.

"விலை கூடின போன்தான் நாலஞ்சு வருஷம் உழைக்கும்" என்பது நண்பரின் வாதம். ஒரு காலத்தில் சரி. 2023-இல் கூகுள் பிக்சல் 8-க்கும், 2024 தொடக்கத்தில் சாம்சங் கேலக்ஸி எஸ்24-க்கும் 7 வருட அப்டேட் அறிவித்தார்கள். ஆனால் அதே 2024-இல் சாம்சங் தன் மலிவான ஏ16-க்கே 6 வருடம் என்றது. மிச்சம் பேட்டரி. அது விலையைப் பார்த்துத் தேய்வதில்லை. ஐபோன் 14 வரைக்கும் 500 முழு சார்ஜுக்குப் பிறகு புதிதில் தாங்கியதில் 80 சதவீதம் தாங்கும், 15-இலிருந்து 1,000 என்று ஆப்பிளே சொல்கிறது. எந்தப் போனாக இருந்தாலும் ஒருநாள் பேட்டரி மாற்றத்தான் வேண்டும், மாற்றினால் இன்னும் இரண்டு வருடம் ஓடும். நம்மில் பலர் பேட்டரிக்குப் பதில் போனையே மாற்றுகிறோம்.

படம் எடுப்பதே பிழைப்பு என்பவர்கள், கல்யாண வீடியோ எடுப்பவர்கள், தாராளமாக வாங்குங்கள், உங்களோடு எனக்குச் சண்டை இல்லை. நான் கெத்துக்குத்தான் வாங்கினேன். கெத்து மூன்று வாரம் இருந்தது, அப்புறம் கவர் போட்டுவிட்டேன், என்ன போன் என்று யாருக்கும் தெரியவில்லை.

அடுத்த மாதம் கான்ட்ராக்ட் முடிகிறது. "புதுப் போனுக்கு நீங்கள் தகுதி பெற்றுவிட்டீர்கள்" என்று குறுஞ்செய்தி வந்தாயிற்று, ஏதோ பட்டம் கொடுக்கிற மாதிரி. அதே எண்ணை வைத்துக்கொண்டு 15 வெள்ளி சிம்முக்கு மாற எழுதிக் கொடுத்துவிட்டேன். இந்தப் போனுக்கு ஒரு புது பேட்டரி. அடுத்த தைப்பூசத்துக்கும் மைத்துனர் காவடி எடுக்கிறாராம், படம் நான்தான் எடுக்க வேண்டுமாம்.