செர்ச் பண்ணிப் பாருங்க சார்

"மெயில்ல அனுப்பிட்டோமே சார், செர்ச் பண்ணிப் பாருங்க."

இந்த வாக்கியத்தை முதலில் சொன்ன புண்ணியவானை ஒரு தடவை நேரில் பார்க்க வேண்டும். வங்கி, காப்பீடு, கேஸ் ஏஜென்சி, பிள்ளைகளின் பள்ளி, எங்கே போனாலும் இதே பல்லவி. அனுப்பியதோடு அவர்கள் கடமை முடிந்தது. அப்புறம் தோண்டி எடுப்பது நம் தலையெழுத்து.

நான் ஒன்றும் பெரிதாகக் கேட்டுவிடவில்லை. வீட்டுக் கடன் முடிந்ததற்கான என்ஓசி, அதாவது தடையில்லாச் சான்று. கடனை அடைத்து வருஷங்கள் ஓடிவிட்டன. ஆனால் வில்லங்கச் சான்று போட்டுப் பார்த்தால் அடமானப் பதிவு அப்படியே சம்மணம் போட்டு உட்கார்ந்திருக்கிறது. அதை எடுக்க ரசீது ஆவணம் பதிய வேண்டும், அதற்கு வங்கியின் கடிதம் வேண்டும், கடிதம் 'அப்பவே மெயிலில்' போய்விட்டது. இன்னொரு நகல் கொடுங்கள் அம்மா என்றால் அது பழைய சிஸ்டத்தில் இருக்கிறதாம். இடையில் அந்த வங்கியே இன்னொரு வங்கியில் கரைந்து பெயர் மாறிவிட்டது. கடன் முடிந்து 30 நாளுக்குள் அசல் ஆவணங்களைத் தராவிட்டால் தாமதிக்கும் ஒவ்வொரு நாளுக்கும் 5,000 ரூபாய் இழப்பீடு என்று ரிசர்வ் வங்கி 2023-ல் உத்தரவு போட்டது. அது அந்த வருஷம் டிசம்பர் 1-லிருந்துதான். அதற்கு முன்பே ஒழுங்காகக் கட்டி முடித்த உத்தமர்களுக்கு 'செர்ச் பண்ணிப் பாருங்க' மட்டும்தான்.

சரி என்று உட்கார்ந்தேன். 'என்ஓசி' என்று அடித்தேன். முதலில் வந்தது குடியிருப்போர் சங்கத்தின் லிஃப்ட் பற்றிய சுற்றறிக்கை. அடுத்து பள்ளிச் சுற்றுலாவுக்குப் பெற்றோர் சம்மதக் கடிதம். அதற்கடுத்து ஏதோ ஒரு பில்டர், அனைத்து என்ஓசிகளும் கைவசம் உள்ள வில்லா மனைகளுக்கு என்னை அழைக்கிறார். வங்கியின் கடிதத்தை மட்டும் காணோம்.

வங்கியின் பெயரைப் போட்டேன். அது நான் செய்த பாவம். திரை முழுக்க வாழ்த்துகள். 'வாழ்த்துகள், உங்களுக்குத் தனிநபர் கடன் தயார்.' 'வாழ்த்துகள், உங்களுக்காகவே ஒரு கிரெடிட் கார்டு.' ஹோலி வாழ்த்து, ரக்‌ஷா பந்தன் வாழ்த்து, கேஒய்சி புதுப்பிக்கச் சொல்லி மிரட்டல், மிரட்டல் போன்ற மோசடி மெயில்களை நம்பாதே என்று இன்னொரு மிரட்டல். ஒரு கடனை முடித்தேன் என்று சொல்லும் கடிதத்தை மூடி மறைக்க, புதுக் கடன் வாங்கிக்கொள் என்று இத்தனை கடிதங்கள்!

கடன் கணக்கு எண்ணைப் போட்டால் வந்துவிடும் என்று என் மைத்துனர் சொன்னார். கம்ப்யூட்டர் படித்தவர். போட்டேன். ஒன்றும் இல்லை. காரணம் என்ன தெரியுமா? பாதுகாப்பு கருதி வங்கி மெயிலில் முழு எண்ணை எழுதாது. வரிசையாக எக்ஸ் போட்டுக் கடைசி நாலு இலக்கத்தை மட்டும் காட்டும். ஓகோ, அப்படியென்றால் கடைசி நாலு இலக்கத்தைத் தேடுவோம் என்று அதை அடித்தால் அதுவும் இல்லை. ஏனென்றால் தேடு பெட்டிக்கு எக்ஸும் இலக்கமும் சேர்ந்து ஒரே சொல். சொல்லின் வாலைப் பிடித்துத் தேட அதற்குத் தெரியாது. முழு எண்ணைப் போட்டால் மெயிலில் இல்லை, மெயிலில் இருப்பதைப் போட்டால் பெட்டிக்குப் புரியவில்லை. திருடனிடமிருந்து என் எண்ணைக் காப்பாற்றுகிறேன் என்று என்னிடமிருந்தே காப்பாற்றி வைத்திருக்கிறார்கள்.

2004 ஏப்ரல் 1 அன்று ஜிமெயில் வந்தது ஞாபகம் இருக்கிறதா? ஹாட்மெயிலில் 2 எம்பி வைத்துக்கொண்டு வாரா வாரம் மெயில்களைக் களையெடுத்துக்கொண்டிருந்த நமக்கு 1 ஜிபி தருகிறேன் என்றார்கள். தேதியைப் பார்த்து ஏமாற்று வேலை என்றுதான் பலர் நினைத்தார்கள். இனி எதையும் அழிக்க வேண்டாம், அடுக்கவும் வேண்டாம், எல்லாம் கிடக்கட்டும், வேண்டும்போது தேடிக்கொள்ளலாம் என்பதுதான் அன்றைய வாக்குறுதி. பிறகு வந்த எல்லாரும் அதையே பாடினார்கள். நாமும் நம்பி ஃபோல்டர் போடும் பழக்கத்தையே கைவிட்டோம். இருபது வருஷக் குப்பை சேர்ந்த பிறகுதான் தெரிகிறது, எதைத் தேடுகிறோமோ அது எந்தச் சொல்லில் எழுதப்பட்டது, யார் பெயரில் வந்தது, எந்த மாதம் வந்தது எல்லாம் நமக்கே மனப்பாடமாகத் தெரிந்திருக்க வேண்டும். இவ்வளவும் ஞாபகம் இருந்தால் நான் ஏனய்யா உன்னிடம் வருகிறேன்? கல்யாண வீட்டில் 'நான் யாருன்னு சொல்லு பார்ப்போம்' என்று வழிமறித்து நிற்கும் தூரத்துப் பெரியப்பா மாதிரி, பதில் தெரிந்தவனுக்கு மட்டும்தான் தேடு பெட்டி வழி விடுகிறது.

மைத்துனர் அடுத்த அஸ்திரத்தை எடுத்தார். ஃபிரம் போடுங்க, ஹேஸ் அட்டாச்மென்ட் போடுங்க, ஃபைல்நேம் பிடிஎஃப் போடுங்க, ஆஃப்டர், பிஃபோர் போட்டுத் தேதி கொடுங்க. தேதியில் வருஷம் முதலில், அப்புறம் மாதம், அப்புறம் நாள். இந்தியாவில் எவன் தேதியை இப்படி எழுதுகிறான்? 'இதுவோ அதுவோ' என்று கேட்க வேண்டுமானால் நடுவில் வரும் ஆங்கில 'ஆர்' (OR) பெரிய எழுத்தில் இருக்க வேண்டுமாம். சின்ன எழுத்தில் போட்டால் அதுவும் தேட வேண்டிய ஒரு சொல்லாகிவிடும். ஒரு பழைய கடிதத்தை எடுக்க நான் புரோகிராம் எழுதப் பழக வேண்டியிருக்கிறது.

ஸ்பேமில் போயிருக்கலாம் என்றார். நியாயமான சந்தேகம். ஆனால் தேடு பெட்டி ஸ்பேமையும் குப்பைத்தொட்டியையும் எட்டிப் பார்க்காது, தனியாகச் சொன்னால்தான் பார்க்கும். சொன்னாலும் என்ன பிரயோசனம், அங்கே 30 நாளுக்கு மேல் எதுவும் தங்காது. வில்லா மனை விளம்பரத்துக்கு ஆயுசு கெட்டி, அது இன்பாக்ஸில் பத்திரமாக இருக்கிறது.

இதோடு இப்போது புதுக் கொடுமை ஒன்று. முன்பெல்லாம் தேடினால் தேதி வரிசையிலாவது வரும். கீழே இறங்க இறங்கப் பழசு. அது ஒன்றுதான் உருப்படியாக இருந்தது. அதையும் ஓரமாகத் தள்ளிவிட்டு 'மிகப் பொருத்தமானவை' என்று அதுவாக ஒரு வரிசை போட்டுத் தருகிறது. நான் அடிக்கடி திறப்பவை, அண்மையில் வந்தவை எல்லாம் மேலே. ஐயா, நான் தேடுவது வருஷக்கணக்காகத் திறக்காத பழைய மெயில். எனக்குப் பொருத்தம் பார்க்கச் சொல்லி உன்னை யார் கேட்டது?

பத்திரம் பற்றி புரோக்கருக்குத் தமிழில் எழுதியது நினைவுக்கு வந்தது. 'பத்திரம்' என்று தேடினேன். இல்லை. நான் எழுதியது 'பத்திரத்தை' என்றாம். வேற்றுமை உருபு ஏறிவிட்டால் அது வேறு சொல், வேறு ஜாதி. 'பத்திரத்தில்', 'பத்திரத்துக்கு', 'பத்திரமும்' என்று ஒவ்வொன்றாக அடித்து இலக்கணப் பரீட்சை எழுதினேன். புரோக்கர் அனுப்பிய பதிலோ ஆங்கில எழுத்தில் தமிழ். அவர் பத்திரத்துக்கு எத்தனை ஹெச் போட்டார் என்பது அவருக்கே தெரியாது.

இந்த ரகளையில், தேடாத ஒன்று வந்து விழுந்தது. இப்போது எல்லாரும் தமிழ் அடிக்கும் யூனிகோட் முறை பரவுவதற்கு முன்னால், திஸ்கி என்கிற பழைய எழுத்து முறையில் நண்பன் எழுதி, பின்னால் இந்த முகவரிக்கு நானே மாற்றி வைத்துக்கொண்ட பழைய மெயில்கள். திறந்தால் தலையில் கொம்பும் காதில் தோடுமாக ஐரோப்பிய எழுத்துகள். எழுத்துரு மாற்றியில் போட்டுப் பார்த்தால் பாதி தமிழாகிறது, பாதி கேள்விக்குறியாகிறது. 'மச்சி, அந்த நானூறு ரூபாய்' வரைக்கும் படிக்க முடிகிறது. நான் தர வேண்டுமா அவன் தர வேண்டுமா என்கிற இடத்தில் கேள்விக்குறி. பரவாயில்லை, அவன் தர வேண்டும் என்றே வைத்துக்கொள்கிறேன்.

கடைசியில் தேடு பெட்டியை மூடிவிட்டு, மாதம் மாதமாகக் கையால் தள்ளிக்கொண்டே போனேன். கிடைத்தது! அனுப்பியவர் பெயர், 'பதில் அனுப்பாதீர்கள்'. தலைப்பு, 'அறிவிப்பு'. உள்ளே, 'அன்புள்ள வாடிக்கையாளரே, இணைப்பைக் காண்க.' அவ்வளவுதான். கடன் இல்லை, வீடு இல்லை, என்ஓசி இல்லை, வங்கியின் பெயர்கூட லோகோப் படத்தில்தான் இருக்கிறது. இணைப்பின் பெயர் வெறும் எண்வரிசை. உலகத்தில் உள்ள எந்தச் சொல்லைப் போட்டுத் தேடினாலும் அகப்படக் கூடாது என்று யாரோ குழு அமைத்து உட்கார்ந்து யோசித்திருக்கிறார்கள். இதைத்தான் அந்தப் பெண் 'செர்ச் பண்ணிப் பாருங்க' என்றார்.

இணைப்பைத் திறந்தேன். பாஸ்வேர்டு கேட்டது.

உங்கள் பெயரின் முதல் நான்கு எழுத்தும், பிறந்த தேதியும் மாதமும். எந்தப் பெயர்? எனக்கு இனிஷியல் முன்னால். வங்கிக்காரர் அதைப் பெயரோடு ஒட்டி எழுதினாரா, புள்ளி வைத்தாரா, இடம் விட்டாரா, புள்ளியும் ஒரு எழுத்துக் கணக்கா? ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தாயிற்று, திறக்கவில்லை. ஆதாரில் இனிஷியல் பின்னால் இருக்கிறது. பான் கார்டில் அப்பாவின் பெயர் முழுசாக விரிந்து கிடக்கிறது. லாஸ்ட் நேம் கட்டாயம் என்று சிவப்பில் மிரட்டும் படிவங்களைக் கேட்கவே வேண்டாம். குடும்பப் பெயரே இல்லாத ஊர்க்காரன் எதைப் போடுவது? அப்பா பெயரைப் போட்டேன். அன்றிலிருந்து கூரியர்காரர், கடன் வேண்டுமா என்று போன் செய்யும் பெண், எல்லாருக்கும் நான் எங்கப்பாதான். போன தடவை விமானத்தில் ஏறும்போதுகூட அவர் பெயரைச் சொல்லி, மிஸ்டர் போட்டுச் சிரித்து வரவேற்றார்கள். மனுஷர் திருச்சியைத் தாண்டி எங்கேயும் போனதில்லை, பஸ்ஸில்கூட ஜன்னலோர சீட்டுக்குச் சண்டை போட்டவர், அவர் பெயரில் எனக்குக் கொடுத்தது நடு சீட்டு.