எட்டுக் கால் காட்டெருமை

குகை ஓவியங்களைக் கேலி செய்கிற அந்த மூன்று நிமிட வீடியோவைப் பற்றி எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். இன்று காலைக்குள் ஏழு பேர் எனக்கே அனுப்பிவிட்டீர்கள், சிரிப்புப் பொம்மையோடு. அதில் ஒருவர் சொல்கிறார்: "குகை ஓவியமா? வேட்டை கிடைக்காத நாளில் காட்டுமிராண்டிகள் பொழுதுபோகாமல் கிறுக்கியது." முடிந்தது ஆராய்ச்சி.

பொழுதுபோகாமலாம்! பிரான்சில் ஷோவே குகை, ஏறக்குறைய 36,000 ஆண்டுப் பழமை. குதிரைகளை வரையும் முன் சுவரைச் சுரண்டி வெளுப்பாக்கியிருக்கிறார்கள். கரியைத் தேய்த்து நிழல் கொடுத்திருக்கிறார்கள். அதுவும் பகல் வெளிச்சமே எட்டாத ஆழத்தில், தீயைக் கையோடு கொண்டுபோய். பொழுதுபோகாதவன் வாசலிலேயே உட்கார்ந்து கிறுக்கமாட்டானா?

"சாப்பாட்டு ஆசையில் வரைந்திருப்பான்" என்று ஒருவர். பிரான்சின் இன்னொரு ஓவியக் குகையான லாஸ்கோவில் வரைந்தவர்கள் தின்றுபோட்ட எலும்பில் பெரும்பங்கு பனிமானுடையது. சுவரில் பனிமான் ஒன்றே ஒன்று. போதுமா?

ஷோவேயில் ஒரு காட்டெருமைக்கு எட்டுக் கால். தப்பில்லை ஐயா, அது ஓடுகிறது! அதைப் படத்தில் முதன்முதலாகப் பார்த்த அன்று எனக்குக் கண் கலங்கிவிட்டது. நான்காம் வகுப்பில் ஓடுகிற நாய் ஒன்று வரைந்தேன், நிறையக் கால்களோடு. ஆசிரியர் சிவப்பு மையில் கால்களைச் சுற்றி வட்டம் போட்டு, நோட்டை வகுப்புக்கே தூக்கிக் காட்டினார். "இது நாயா, பூரானா?" சிரிப்பு அடங்க ரொம்ப நேரமாயிற்று. அதற்கப்புறம் நான் வரையவில்லை. சரி, அது வேறு கதை.

"அவர்கள் மனசு உனக்கு எப்படித் தெரியும்?" என்று வருவீர்கள். தெரியாதுதான். வழிபாடா, கதையா, யாருக்கும் தெரியாது. பொழுதுபோகவில்லை என்பது மட்டும் அந்த வீடியோக்காரருக்கு எப்படித் தெரிந்ததாம்?

"ஐரோப்பாவையே பிடித்துத் தொங்குகிறாயே" என்பது நியாயமான கேள்வி. இந்தோனேசியாவின் சுலவேசியில் ஒரு பன்றியும் அதைச் சுற்றி மனித உருவங்களும், குறைந்தது 51,200 ஆண்டுப் பழமை என்று 2024இல் சொன்னார்கள். "நீ என்ன தொல்லியல் படித்தாயா?" இல்லை. வீடியோக்காரர் படித்தாரா?

இந்த ஏளனம் புதிதும் இல்லை. 1879இல் ஸ்பெயினின் அல்தமிரா குகையில் கூரையில் இருந்த ஓவியங்களை முதலில் அண்ணாந்து பார்த்தது, அந்தக் குகையை ஆராய்ந்துகொண்டிருந்த சாவுதுவோலாவின் எட்டு வயது மகள். அப்பா அதை வெளியே சொன்னதும், ஆதிமனிதனுக்கு இவ்வளவு கைத்திறன் ஏது, இவரே ஆள் வைத்து வரைந்திருப்பார் என்றார்கள் படித்தவர்கள். மோசடிக்காரர் என்ற பெயரோடே 1888இல் செத்தார். முன்னின்று எதிர்த்த பிரெஞ்சுத் தொல்லியலாளர் கார்தய்யாக் 1902இல் மன்னிப்புக் கட்டுரை எழுதினார். வாங்கிக்கொள்ளத்தான் ஆள் இல்லை.

அந்த நோட்டு இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. வீடியோ பார்த்த எரிச்சலில் நேற்று ராத்திரி தேடி எடுத்து, சிவப்பு வட்டத்துக்குள் கால்களை எண்ணினேன். ஏழு.