நாலு ரவுண்டுக்கு மேல எதுக்குங்க?

ஐடி கம்பெனிகள்ல ஆள் எடுக்குற விதத்த பத்தி ரொம்ப நாளா எழுதணும்னு நினைச்சுக்கிட்டே இருந்தேன், இப்ப எழுதிடுறேன், கொஞ்சம் நீளமா போகும்.

ஒரு டெவலப்பர் வேலைக்கு இப்ப நடக்குறது என்னன்னா, மொதல்ல ஆன்லைன் டெஸ்ட். அது கிளியர் ஆனா அசைன்மென்ட், மெயில்ல "நாலு மணி நேர வேலைதான்"னு போட்டிருப்பாங்க, ஆனா ஒழுங்கா டெஸ்ட் கேஸ் எல்லாம் எழுதி குடுக்கணும்னா சனி ஞாயிறு ரெண்டும் காலி. அப்புறம் டெக்னிக்கல் ஒண்ணு, டெக்னிக்கல் ரெண்டு, சிஸ்டம் டிசைன், மேனேஜர், கடைசியா ஹெச்ஆர். ஏற்கனவே வேலைல இருக்குறவங்க இத்தனைக்கும் லீவு போடணும், என்ன காரணம் சொல்லிப் போடுவாங்க?

நான் சென்னைல பேக்எண்ட் டெவலப்பரா, அதாவது சர்வர் பக்கம் ஓடுற கோட எழுதுறவளா இருந்தேன். அப்பாவுக்கு உடம்பு முடியாம போனதுல மன்னார்குடி பக்கம் எங்க ஊருக்கே வந்துட்டேன், வீட்ல இருந்தே பாக்குற வேலையா தேடினேன். அப்பதான் ஒரு விஷயம் உறைச்சுச்சு, இந்த டெஸ்ட் எல்லாம் நம்ம கோடிங்க மட்டும் பாக்கல, நம்ம வீட்டையும் சேர்த்துதான் பாக்குது.

டெஸ்ட் ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி லேப்டாப்ப தூக்கி ரூம் முழுக்க கேமரால சுத்திக் காட்டணும், மேஜைக்கு அடியில கூட. வேற யாரும் உள்ள வரக்கூடாது, வேற குரல் கேக்கக்கூடாது. எங்க வீட்ல எனக்குன்னு தனி ரூம் கிடையாது, கூடம், ஒரு உள்ரூம், அடுப்படி, அவ்வளவுதான். உள்ரூம்ல அடுக்கியிருந்த நெல்லு மூட்டைங்களுக்கு நடுவுல சேர் போட்டு உக்காந்தேன். ரெண்டாவது ப்ராப்ளம் பாதில இருக்கேன், அப்பாயி கதவ தொறந்து "பாப்பா, காப்பித்தண்ணி குடிச்சியா"ன்னு கேட்டுட்டாங்க. உடனே ஸ்க்ரீன்ல செகப்பு எழுத்துல வார்னிங், இன்னொரு தடவை இப்படி ஆனா டெஸ்ட் தானா மூடிக்கும்னு. அதுக்கப்புறம் கண்ணு கோட் மேல இருந்துச்சே தவிர காது முழுக்க கதவு மேலதான். மாரியம்மன் கோயில்ல ஸ்பீக்கர் போட்டுட்டா என்ன பண்றதுன்னு ஒரு பயம் வேற.

இன்னொரு தடவை டெக்னிக்கல் ரவுண்டு அன்னிக்குன்னு பாத்து துணை மின்நிலையப் பராமரிப்பு, காலைல 9 மணிலேர்ந்து சாயங்காலம் 5 மணி வரைக்கும் கரண்ட் கிடையாது. நேரம் மாத்திக் குடுங்கன்னு எழுதினா தானியங்கி மெயில்தான் பதிலா வருது. தஞ்சாவூருக்கு பஸ் ஏறிப் போயி கூடப் படிச்ச பொண்ணு வீட்ல உக்காந்து முடிச்சேன்.

ஒருத்தர் பாத்துக்கிட்டே இருந்தா மூளை வேலை செய்யாதுங்கறது என் மனப்பிராந்தி இல்லைங்க. அமெரிக்காவுல நார்த் கரோலினா ஸ்டேட் யுனிவர்சிட்டியும் மைக்ரோசாஃப்ட்டும் சேர்ந்து 2020-ல ஒரு ஆய்வு வெளியிட்டாங்க. 48 கம்ப்யூட்டர் சயின்ஸ் மாணவர்கள்ல ஒரு பாதிப் பேரு இன்டர்வியூ எடுக்குறவர் முன்னாடி நின்னு போர்டுல எழுதி விளக்கணும், மீதிப் பேரு தனி ரூம்ல யாரும் பாக்காம அதே கணக்க போடணும். பாத்துக்கிட்டு இருந்தவங்க முன்னாடி எழுதினவங்க செஞ்சது மத்தவங்க செஞ்சதுல பாதிதான். அதுலயும் தனி ரூம்ல எழுதின பொண்ணுங்க எல்லாரும் சரியா போட்டிருக்காங்க, ஆள் முன்னாடி எழுதின பொண்ணுங்கள்ல ஒருத்தரால கூட முடியல. சின்ன ஆய்வுதான், இருந்தாலும் இத படிச்சப்போ எனக்கு கோவம் கோவமா வந்துச்சு, எத்தன பொண்ணுங்க தனக்கு கோடிங் வராதுன்னு முடிவு பண்ணி விலகிப் போயிருப்பாங்க!

ரவுண்டு கணக்குக்கு வர்றேன். கூகுளே தன்னோட பழைய இன்டர்வியூ டேட்டாவ எடுத்து பாத்துட்டு, நாலு இன்டர்வியூ போதும், அதுலயே 86% உறுதியா முடிவு சொல்லிடலாம், அதுக்கு மேல வைக்கிற ஒவ்வொண்ணுலயும் கூடுதலா கிடைக்கிறது ரொம்ப கொஞ்சம்னு சொல்லிடுச்சு. கூகுள் மாதிரி ஆகணும்னு ஏழு ரவுண்டு வைக்கிற கம்பெனிங்க இத மட்டும் ஏன் காப்பி அடிக்க மாட்டேங்குறாங்க? அதே கூகுள்ல 2015-ல மேக்ஸ் ஹோவெல்னு ஒருத்தர ரிஜெக்ட் பண்ணாங்க, மேக் கம்ப்யூட்டர்ல மத்த சாஃப்ட்வேர்கள இறக்கிப் போட உதவுற ஹோம்ப்ரூவ எழுதினவரு, மேக்ல வேலை பாக்குற டெவலப்பருங்களுக்கு அது இல்லாம பொழுது விடியாது. போர்டுல பைனரி ட்ரீய (கிளை கிளையா டேட்டா அடுக்குற ஒரு அமைப்பு) இடம் வலமா திருப்பிப் போட வரலன்னு வேணாம்னுட்டாங்கன்னு அவரே வெளிப்படையா எழுதினாரு.

எனக்கு நடந்ததுல டெக்னிக்கல் ஒண்ணுலயும் எல்ஆர்யூ கேஷ் (இடம் நிறைஞ்சுட்டா ரொம்ப நேரமா தொடாத டேட்டாவ தூக்கிட்டு புதுசுக்கு இடம் குடுக்குற ப்ரோக்ராம்), ரெண்டுலயும் அதே எல்ஆர்யூ கேஷ். மொத ஆளு எழுதின நோட்ஸ ரெண்டாவது ஆளு பாக்கவே இல்ல. எல்லாம் முடிஞ்சு சம்பளம் எவ்வளவு எதிர்பாக்குறீங்க, எப்ப சேருவீங்க வரைக்கும் கேட்டாங்க, அதோட சத்தமே இல்ல. நாமளா போயி போர்ட்டல்ல பாத்தா ஸ்டேட்டஸ் ரிஜெக்ட்னு மாறியிருக்கு. காரணம் கேட்டேன், சொல்றது கம்பெனி பாலிசி இல்லையாம். இத்தன மணி நேரம் வாங்கிக்கிட்டவங்க ரெண்டு வரி எழுதக் கூடாதா?

கம்பெனிங்க பக்கமும் நியாயம் இருக்கு. ஒரு வேலைக்கு அப்ளிகேஷன் வந்து குவியுது, வேற ஆள வச்சு எழுதுறாங்க, ஏஐ வச்சு எழுதுறாங்க. சரி, அதுக்குத்தான் சொல்றேன், ஒரு சின்ன ரெபோல, அதாவது ஒரு ப்ராஜெக்ட்டோட கோட் தொகுப்புல, பக் (தப்பு) வச்சு குடுங்க, கேண்டிடேட்டும் உங்க டெவலப்பரும் ஒரு மணி நேரம் உக்காந்து சரி பண்ணட்டும், ஏன் இப்படி மாத்துனன்னு கேளுங்க, எல்லார்கிட்டயும் ஒரே கேள்விய கேளுங்க. சொந்தமா தெரியாதவன் அந்த பேச்சுல மாட்டிக்குவான். அசைன்மென்ட் வேணும்னா காசு குடுங்க. தஞ்சாவூர் மேலவஸ்தாசாவடில 2024-ல மினி டைடல் பார்க் தொறந்திருக்காங்க, அந்த மாதிரி இடத்துல நாலு சீட்டு பேசி வச்சா திருத்துறைப்பூண்டி, பட்டுக்கோட்டை பசங்க கரண்ட் போயிடுமோ, பாட்டி வந்துடுவாங்களோன்னு பதறாம எழுதுவாங்கல்ல.

இது நடக்குற வரைக்கும் நம்மளால ஆனத நாம பண்ணுவோம். தஞ்சாவூர்ல நான் இன்டர்வியூ முடிச்ச அந்த ஃப்ரெண்டு வீட்டு மாடி ரூம்ல இன்வெர்ட்டரும் நல்ல நெட்டும் இருக்கு, அவகிட்ட பேசிட்டேன். தஞ்சாவூர் வந்து போக முடியுறவங்க டெஸ்ட்டோ இன்டர்வியூவோ இருந்தா எனக்கு மெசேஜ் போடுங்க, காசெல்லாம் வேணாம். மன்னார்குடி, நீடாமங்கலம் பக்கம் இந்த மாதிரி ஒரு ரூம் குடுக்க முடியுறவங்க இருந்தா கமெண்ட்ல சொல்லுங்க, ஒரு லிஸ்ட் போட்டு வச்சுக்கலாம். ஸ்லாட் எடுக்குறதுக்கு முன்னாடி உங்க துணை மின்நிலையத்துல என்னிக்கு பராமரிப்புன்னு ஈபி ஆபீஸ்ல ஒரு போன் போட்டு கேட்டுக்கோங்க.