நான் எதையும் ஜெயிக்கவில்லை சார்

ஞாயிற்றுக்கிழமை என் ஓவியக் கண்காட்சியில் சிறப்பு விருந்தினர் என்னைப் பற்றிப் பேசிய பேச்சைப் பற்றி எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். ஆனால் அந்த வீடியோத் துண்டை, அடியில் சோக வயலின் எல்லாம் சேர்த்து, நேற்று ராத்திரிக்குள் ஏழு பேர் எனக்கே அனுப்பிவிட்டார்கள். குடும்ப குரூப்பில் சித்தப்பா அதைப் போட்டு, கீழே தன் பேரனுக்கு ஒரு வரி: "பாருடா, கை வராத அத்தையே இவ்வளவு வரையுறா, உனக்கு ஹோம்வொர்க் எழுத வலிக்குதா?" அந்தப் பையன் எனக்குத் தனியாக ஒரு சாரி அனுப்பியிருக்கிறான். அவன் எதற்கு எனக்கு சாரி சொல்ல வேண்டும்?

"நோயை வென்ற ஓவியர்." மூன்று முறை சொன்னார் சிறப்பு விருந்தினர். நான் எதையும் வெல்லவில்லை சார். 2013-லிருந்து எனக்கு முடக்குவாதம். இன்று காலையும் இருந்தது. விரல் மடங்குவதற்கு ஒன்றரை மணி நேரம் ஆனது. வெந்நீர் பக்கெட்டில் இரண்டு கையையும் விட்டுக்கொண்டு குளியலறை முக்காலியில் உட்கார்ந்திருந்தேன். இது வென்றுவிட்டு மாலை போட்டுக்கொண்டு வருகிற விஷயம் இல்லை. உடம்பின் எதிர்ப்புச் சக்தியே ஆள் மாறி நம் மூட்டுகளைத் தாக்குகிற நோய். மருந்து அதை அடக்கி வைக்கும், அவ்வளவுதான். போன மாதம் அடங்கியிருந்தது, இந்த மாதம் கொஞ்சம் துள்ளுகிறது. இதில் வெற்றி எங்கே வந்தது?

"பாராட்டினாலும் தப்பா?" என்று கேட்பீர்கள். தெரியும். "அவர் நல்ல மனசோடுதானே சொன்னார்?" ஆமாம், நல்ல மனசோடுதான் சொன்னார். முடவாட்டுக்கால் கிழங்கு சூப் குடிக்கச் சொன்ன நாற்பது பேரும் நல்ல மனசோடுதான் சொன்னார்கள். முடக்கத்தான் தோசை சொன்னவர்களும் அப்படித்தான். முடக்கத்தான் தோசை எனக்குப் பிடிக்கும், வாரம் ஒருமுறை சாப்பிடுகிறேன். அதற்காக மாத்திரையை நிறுத்தச் சொன்ன நல்ல மனசுக்காரர்களை என்ன செய்வது?

அப்புறம் அந்த ரெனுவார் கதை. "பிரெஞ்சு ஓவியர் ரெனுவார் முடங்கிய கையில் தூரிகையைத் துணியால் கட்டிக்கொண்டு வரைந்தார், நமக்கெல்லாம் என்ன சாக்கு?" என்றார். கூட்டம் கைதட்டியது. ரெனுவாருக்கு முடக்குவாதம் இருந்தது உண்மை. 1890-களில் ஆரம்பித்தது, 1919-இல் இறக்கும்வரை வரைந்தார். ஆனால் கையில் சுற்றியிருந்த துணி தூரிகையைக் கட்டுவதற்கு இல்லை. உள்பக்கமாக மடங்கிப்போன விரல்கள் உள்ளங்கைத் தோலைப் புண்ணாக்காமல் இருப்பதற்கு. தூரிகையை இன்னொருவர் எடுத்து அவர் விரலிடுக்கில் வைத்துவிடுவார், ரெனுவார் பிடித்துக்கொள்வார். 1915-இல் எடுத்த ஒரு சின்னச் சலனப்படம் இருக்கிறது, அதில் மகன் பக்கத்தில் நின்று எடுத்துக் கொடுப்பதைப் பார்க்கலாம். கடைசிக் காலத்தில் சிற்பமும் செய்தார். அதாவது இவர் சொல்லச் சொல்ல, மண்ணைக் குழைத்துச் செய்தது ரிச்சர்ட் கினோ என்ற இளைஞர். அந்தச் சிற்பங்களில் கினோவுக்கும் பங்கு உண்டு என்று பிரெஞ்சு நீதிமன்றம் சொல்ல 1973 ஆனது.

இதை ஏன் இவ்வளவு நீளமாகச் சொல்கிறேன் என்றால், "வென்றார்" என்று கதை சொன்னால் பக்கத்தில் நிற்கிற ஆள் காணாமல் போய்விடுவார். ஞாயிற்றுக்கிழமை மேடையில் அண்ணியின் பெயரை ஒருத்தர்கூடச் சொல்லவில்லை. எனக்குத் தாள் வெட்டித் தருவது அவர். பேனாவைச் சுற்றிச் சைக்கிள் ட்யூபை வெட்டிச் செருகி, நான் பிடிக்கிற அளவுக்குத் தடிமனாக்கியது அவர். ராத்திரி படுக்கப் போகும் முன் பேஸ்ட் மூடியையும் தண்ணீர் பாட்டில் மூடியையும் திறந்து வைத்துவிட்டுத்தான் போவார், காலையில் என்னால் திருக முடியாது என்பதால். 2020 மார்ச்சில் ஹைட்ராக்ஸிகுளோரோகுயின் கொரோனாவுக்குக் கேட்கும் என்று ஊரே வாங்கிக் குவித்தபோது, முடக்குவாதத்துக்காக வருடக்கணக்காக அதைச் சாப்பிட்டுக்கொண்டிருந்த எனக்கு ஒரு பட்டை கிடைக்கவில்லை. அண்ணன் சீட்டை வைத்துக்கொண்டு, போலீஸுக்குப் பதில் சொல்லிக்கொண்டு, கடை கடையாக ஏறி இறங்கினார். அப்போது நான் எந்த நோயை வென்றுகொண்டிருந்தேன்?

சரி, நியாயமாகப் பேசுவோம். "இதைப் பார்த்து இன்னொரு நோயாளிக்குத் தைரியம் வரலாமே" என்று ஒரு தோழி எழுதியிருந்தார். வரலாம். ஆனால் புதிதாக நோய் வந்த ஒரு பெண் அதைப் பார்த்தால், "அவளால் முடிகிறது, என்னால் எழுந்து உட்காரக்கூட முடியவில்லையே, தப்பு என்னிடம்தான்" என்று நினைக்கவும் வாய்ப்பு இருக்கிறது. நான் நினைத்தேன். முதல் எட்டு மாதம் சிக்குன்குனியா வலி என்று சொல்லியே ஓட்டினார்கள். அந்த எட்டு மாதமும் நான் சோம்பேறி என்று நானே நம்பினேன்.

இன்னொருவர், பெயர் வேண்டாம், "நோயைப் பற்றி எழுதித்தானே உங்களுக்கு இத்தனை லைக்" என்று கேட்டிருக்கிறார். இது கொஞ்சம் குத்தியது. ஆமாம், எழுதியிருக்கிறேன். நானே சொல்வது வேறு, நீங்கள் என்னை மேடையில் உட்காரவைத்துச் சொல்வது வேறு. இந்த வித்தியாசம் புரியாதவருக்கு மேற்கொண்டு சொல்ல என்னிடம் எதுவும் இல்லை. (ராத்திரி ரொம்ப நேரம் இதை யோசித்துக்கொண்டு கிடந்தேன் என்பது தனிக் கதை.)

எதிர்ப்பக்கத்திலிருந்தும் வந்தது ஒன்று. அந்த வீடியோவில் நான் சிரிப்பதைப் பார்த்துவிட்டு அத்தை அம்மாவுக்குப் போன் செய்திருக்கிறார்: "நல்லாத்தானே இருக்கா, என் மக கல்யாணத்துக்கு மட்டும் வர முடியலையாக்கும்?" அத்தை, அந்தச் சிரிப்பின் விலையைச் சொல்கிறேன். மெத்தோட்ரெக்சேட் வாரத்துக்கு ஒரு நாள் மட்டும் போடுகிற மாத்திரை. தெரியாமல் தினமும் போட்டு உயிரை விட்டவர்கள் உண்டு. நான் சனிக்கிழமை ராத்திரி போடுவேன். ஞாயிறு முழுக்கக் குமட்டும். இந்த ஞாயிற்றுக்காக டாக்டரிடம் கேட்டு ஒரு நாள் தள்ளிப் போட்டேன். வியாழன், வெள்ளி இரண்டு நாளும் பேனாவைத் தொடாமல், புடவை மடிப்பைக்கூட அம்மாவை எடுக்கச் சொல்லி, அந்த மூன்று மணி நேரத்துக்காகத் தெம்பைச் சேர்த்து வைத்தேன். திங்கள், செவ்வாய் படுக்கை. உங்கள் மகள் கல்யாணத்துக்கு முன்பே, சேர்த்து வைத்த தெம்பு தீர்ந்துபோய்விட்டது. அவ்வளவுதான் நடந்தது.

ஒரு பக்கம் "வென்றுவிட்டாள்", இன்னொரு பக்கம் "நடிக்கிறாள்". நடுவில் நான் இருக்க ஒரு இடம் கிடையாதா? சட்டத்திலும் அப்படித்தான். 2016 மாற்றுத்திறனாளிகள் சட்டத்தில் 21 வகை இருக்கிறது, முடக்குவாதத்தின் பெயர் அதில் இல்லை. கை கோணிப்போனால் இயக்கக் குறைபாடு என்று அளந்து சதவீதம் போடுவார்கள். கோணாமல் இருக்கத்தான் மாத்திரை சாப்பிடுகிறேன்.

எங்கேயோ போய்விட்டேன். உண்மையில் எனக்கு வலித்தது இது எதுவுமே இல்லை. அந்தச் சிறப்பு விருந்தினர் பதினான்கு நிமிடம் பேசினார். வீடியோவை மறுபடி போட்டு எண்ணினேன். என் மருந்து வந்தது, என் அம்மாவின் கண்ணீர் வந்தது (அம்மா அழவே இல்லை, ஏசி காற்றுக்கு அவர் கண்ணில் நீர் வரும்), ரெனுவார் வந்தார். சுவரில் பதினொரு படம் மாட்டியிருந்தது. ஒன்றைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. நன்றாக இருக்கிறது என்றுகூட இல்லை. மோசம் என்றாவது சொல்லியிருக்கலாமே சார்?

நீளமான கோடு எனக்கு வராது, மணிக்கட்டு பாதியில் நின்றுவிடும். அதனால் எல்லாமே அரிசி நீளத்துக்குச் சின்னச் சின்னக் கோடுகள். வைகைத் தண்ணீருக்கு அது ஒத்துவந்தது, மதுரை ஏ.வி. பாலத்தின் கல்லுக்கு ஒத்துவரப் படாதபாடு பட்டேன். அதைப் பற்றி யாராவது கேட்பார்கள் என்று, வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், பதில்கூடத் தயாராக வைத்திருந்தேன்.

வெள்ளிக்கிழமைவரை படங்கள் அங்கேதான் இருக்கும். போகிறவர்கள் ஆறாவது படத்தின் முன் கொஞ்சம் நில்லுங்கள். பாலத்தை விடிந்ததும் போய் உட்கார்ந்து ஆரம்பித்தேன், நிழல் மேற்கே விழுந்துகொண்டிருந்தது. பாதியில் விரல் வீங்கி மூன்று வாரம் நின்றுபோனது. அதற்கப்புறம் காலையில் கிளம்ப முடியாமல் சாயங்காலங்களில் போய் முடித்தேன். ஒரே பாலம், பாதி வளைவுகளுக்கு நிழல் மேற்கே, மீதிக்குக் கிழக்கே. ஞாயிற்றுக்கிழமை அத்தனை பேர் அதன் முன்னால் நின்று என்னோடு செல்ஃபி எடுத்தார்கள். யாராவது ஒருத்தர் நிஜமாகவே பார்த்துவிட்டு, "இதென்ன, நிழலைத் தப்பாப் போட்டிருக்கே" என்று என்னைத் திட்டுங்களேன்.