ஐந்நூறு ரூபாய்க்கு பஸ்ரா முத்து

(மும்பை தாராவி. அண்ணாச்சியின் மளிகைக்கடை. வேலு பையிலிருந்து ஒரு மாலையை எடுக்கிறான்.)

வேலு: தாதர் பாலத்துக்குக் கீழ வாங்கினேன் அண்ணாச்சி. அசல் பஸ்ரா முத்து. 500 ரூவா!

அண்ணாச்சி: (பருப்பு நிறுப்பதை நிறுத்தி) பஸ்ராவா? அது பாரசீக வளைகுடாக் கடல்ல தானா விளைஞ்ச முத்துல்லா! அந்தக் காலத்துல வளைகுடா முத்தெல்லாம் இந்த பம்பாய்க்குத்தான் வரும். இங்க தரம் பிரிச்சு, துளை போட்டு விப்பாங்க. 1917-ல நியூயார்க்ல ஒரு மாளிகையையே ரெண்டு சர முத்துமாலைக்குக் கைமாத்தி விட்டாங்க, தெரியுமா?

வேலு: அப்ப இதுக்கு ஒரு ரூமாவது தேறுமா?

அண்ணாச்சி: பல்லுல தேய்ச்சுப் பாருல. நெசமுத்துன்னா நறநறங்கும்.

வேலு: நீங்களே தேய்ங்க.

அண்ணாச்சி: என்னுது பல்செட்டுடே. ரெண்டும் பிளாஸ்டிக்குன்னா எது எதைக் கண்டுபிடிக்கும்?

வேலு: (தேய்த்து) வழுக்குதே! சிப்பிக்குள்ள போய் முத்தான மணல் நைஸ் மணலோ?

அண்ணாச்சி: மணல்னு எவன் சொன்னான்? பெரும்பாலும் ஏதாவது ஒட்டுண்ணி நுழையும், இல்ல சதையில காயம் படும். சிப்பியோட தோல் செல்லு அதைச் சுத்திப் பை மாதிரி கட்டிக்கிட்டு, ஓட்டுக்குள்ள பூசுற அதே பளபளப்பை அடுக்கடுக்கா பூசும். வளர்ப்பு முத்துன்னா, மனுசனே ஒரு மணியும் இன்னொரு சிப்பியோட சதைத் துணுக்கும் உள்ள வைக்கான். நம்ம தூத்துக்குடியிலயே 1973-ல வளத்துக் காட்டினாங்கல்லா.

வேலு: பூச்சு கனமா இருந்தா விலை கூடுமோ?

அண்ணாச்சி: பின்ன? அவசரப்பட்டு எடுத்தா பூச்சு மெல்லிசா நிக்கும், ஒளி மங்கும். மொத்தத்துல ஒளிதாம்ல முக்கியம். அந்த ட்யூப்லைட்டு அதுல கூர்மையாத் தெரியணும். அப்புறம் உருட்டு, பருமன், மறுவில்லாத தோல். மாலைக்கு எல்லாம் ஒண்ணுபோல ஜோடி சேரணும், அதான் பெரும்பாடு.

வேலு: இதுல எல்லாம் அச்சுல வாத்த மாதிரி இருக்கே!

அண்ணாச்சி: அச்சுலதாம்ல வாத்திருக்கான். துளைகிட்ட பாரு, பெயிண்ட் உரியுது.

வேலு: ஆனா சென்ட் அடிச்சாலும், எலுமிச்சை பிழிஞ்சாலும் ஒண்ணும் ஆகாதுன்னு சத்தியம் பண்ணினானே!

அண்ணாச்சி: அதுல பொய் இல்ல. நெசமுத்து சுண்ணாம்புச் சத்துல்லா? வேர்வை பட்டாலே மங்கும், புளிப்பு பட்டா அரிச்சிரும்.

வேலு: அப்ப வீட்டுல, நெசமுத்தை விட ஸ்ட்ராங்குன்னு சொல்லிரவா?

அண்ணாச்சி: சொல்லு. உம் பொண்டாட்டியோட தாத்தா முத்துக்குளிச்ச ஆளுல்லா?

வேலு: (சற்று நேரம் கழித்து) அண்ணாச்சி, இது உங்க மகளுக்கு எடுப்பா இருக்கும். 400 ரூவா குடுங்க.