குறை சொல்லும் கருவிகளே எனக்குப் போதும்

இணைய வடிவமைப்பாளர்கள் தவறவிடக் கூடாத ஐம்பது கருவிகள், நூறு கருவிகள் என்று வரும் பட்டியல்களைப் பல ஆண்டுகளாகச் சேமித்து வைக்கும் பழக்கம் எனக்கும் இருந்தது. அண்மையில் அவற்றை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தேன். வண்ணச் சேர்க்கை தருபவை, சின்னங்கள் தருபவை, ஆயத்த வார்ப்புருக்கள் தருபவை என ஒரே வேலையைப் பத்து விதமாகச் செய்யும் தளங்களே பெரும்பாலும் இருந்தன. பல முகவரிகள் திறக்கவே இல்லை. எல்லாவற்றையும் நீக்கிய பிறகு எஞ்சியவை எட்டொன்பதுதான். நான் செய்த வேலையில் எது தவறு என்று முகத்துக்கு நேரே சொல்வதுதான் அவற்றில் முக்கியமானவற்றின் வேலை.

அவற்றில் முதலிடம், எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையிலான வண்ண மாறுபாட்டைச் சோதிக்கும் கருவிக்கு. ஒருமுறை வெள்ளைப் பின்னணியில் #999999 என்ற குறியீடு கொண்ட சாம்பல் நிறத்தில் ஒரு தளத்தின் உரை முழுவதையும் அமைத்திருந்தேன். என் மேசைத் திரையில் அது மிக நளினமாகத் தெரிந்தது. வாடிக்கையாளரோ வெயிலில் நின்று கைப்பேசியில் திறந்து பார்த்துவிட்டு, பக்கத்தில் எழுத்தே இல்லையே என்றார். வெப்எய்ம் தளத்தின் சோதனைக் கருவியில் அந்த நிறத்தை இட்டபோது கிடைத்த மாறுபாட்டு விகிதம் ஏறத்தாழ 2.85:1. இணையத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பு, மாற்றுத்திறனாளிகளும் தளங்களைப் பயன்படுத்த வகைசெய்யும் அணுகல்தன்மை வழிகாட்டுதல்களை வெளியிட்டுள்ளது. அவற்றின் இரண்டாம் நிலை (ஏஏ), வழக்கமான அளவுள்ள உரைக்குக் குறைந்தது 4.5:1 விகிதத்தையும், பெரிய எழுத்துகளுக்கு 3:1 விகிதத்தையும் கேட்கிறது. வெள்ளையின் மேல் #777777 நிறம் 4.48 பெற்றுத் தோற்கிறது. #767676 நிறம் 4.54 பெற்றுத் தேறிவிடுகிறது. இவ்விரண்டையும் கண்ணால் பிரித்தறிய யாராலும் இயலாது என்பதால் இந்த எல்லைக்கோடு சற்று வேடிக்கையாகவே தோன்றும். ஆனால் “எனக்கு நன்றாகத்தானே தெரிகிறது” என்ற வாதம் ஒரு எண்ணுக்கு முன்னால் சட்டென்று அடங்கிவிடுவதைப் பல கூட்டங்களில் பார்த்திருக்கிறேன். அப்படி அடங்கியவற்றில் என் வாதமும் உண்டு.

பக்கத்தின் தோற்றத்தை அமைக்கும் மொழியான சிஎஸ்எஸ்ஸின் ஒரு வசதி எப்படி இயங்குகிறது என்று அறிய எம்டிஎன் என்ற இணையத் தொழில்நுட்ப ஆவணத் தளத்தையும், அது எந்த உலாவியில் எந்தப் பதிப்பிலிருந்து இயங்குகிறது என்று அறிய கேன் ஐ யூஸ் தளத்தையும் நாடுகிறேன். 2005-இல் மொசில்லா தொடங்கிய எம்டிஎன்னுக்கு இன்று மற்ற உலாவி நிறுவனங்களும் பங்களிப்பதால், ஒரு நிறுவனத்தின் விளம்பரக் குரல் அதில் கேட்பதில்லை. உலாவி ஆதரவைப் பொறுத்தவரை நாம் நினைவை நம்புவதுதான் சிக்கல். 2017-ஆம் ஆண்டிலேயே முக்கிய உலாவிகளுக்கு வந்துவிட்ட, பக்கத்தை வரிசைகளாகவும் நிரல்களாகவும் பிரிக்கும் சிஎஸ்எஸ் கிரிட் அமைப்பை, பழைய உலாவிகளில் வேலை செய்யாது என்று சொல்லி இன்றும் தவிர்ப்பவர்கள் இருக்கிறார்கள். நேற்று அறிவிக்கப்பட்ட வசதியை இன்றே பயன்படுத்திவிட்டுத் தவிப்பவர்களும் இருக்கிறார்கள். இரு தரப்பினருக்கும் தேவைப்படுவது ஒரு நிமிடத் தேடல் மட்டுமே.

பக்கத்தைச் சோதித்து மதிப்பெண் தரும் கூகுளின் லைட்ஹவுஸ் கருவி பற்றி எனக்குக் கலவையான கருத்து உண்டு. அது மிகவும் பயனுள்ளது. ஆனால் அதன் மதிப்பெண்ணைத் தேர்வு முடிவு போலப் பகிர்ந்துகொள்ளும் வழக்கம் நமக்கு நல்லதல்ல. படத்தைப் பார்க்க இயலாதவர்களுக்காக அதை விவரிக்கும் மாற்று உரை இருக்கிறதா என்று அதனால் பார்க்க முடியும். அந்த உரை படத்தைச் சரியாக விவரிக்கிறதா என்று சொல்ல முடியாது. ஆகவே அணுகல்தன்மையில் 100 வாங்கிய பக்கத்தையும், சுட்டியைத் தள்ளி வைத்துவிட்டு டேப் விசையால் மட்டும் ஒருமுறை கடந்து பார்ப்பது அவசியம். வேகத்தைப் பொறுத்தும் இதே கதைதான். லைட்ஹவுஸ் காட்டுவது செயற்கையாக உருவாக்கிய சூழலில் எடுத்த ஒற்றை அளவு. கூகுளின் மற்றொரு சோதனைத் தளமான பேஜ்ஸ்பீட் இன்சைட்ஸ், போதிய வருகை உள்ள தளங்களுக்கு, குரோம் பயனர்கள் கடந்த 28 நாள்களில் உண்மையில் பெற்ற அனுபவத்தையும் காட்டுகிறது. பக்கத்தின் மிகப் பெரிய உள்ளடக்கம் 2.5 நொடிக்குள் தோன்ற வேண்டும் என்ற வரையறையை நான் அந்த எண்ணோடுதான் ஒப்பிடுகிறேன்.

வேகம் குறைவதற்குப் பெரும்பாலும் படங்களே காரணம் என்பதால், படக் கோப்பின் அளவைச் சுருக்கும் ஸ்கூஷ் பற்றியும் சொல்ல வேண்டும். மூலப் படத்தையும் சுருக்கிய படத்தையும் அது அருகருகே காட்டும். வேலை முழுவதும் உலாவிக்குள்ளேயே நடப்பதால் வாடிக்கையாளரின் படம் எந்தச் சேவையகத்துக்கும் போவதில்லை. எழுத்துருக்களுக்குக் கூகுள் ஃபான்ட்ஸ் போதும். ஆனால் கோப்புகளைப் பதிவிறக்கி நம் தளத்திலேயே வைப்பது நல்லது. கூகுளின் சேவையகத்திலிருந்து எழுத்துருவை ஏற்றியதால் பார்வையாளரின் ஐபி முகவரி (இணையத்தில் அவரது இணைப்பை அடையாளம் காட்டும் எண்) அவர் சம்மதமின்றி அங்கே சென்றது என்று கூறி, 2022-இல் மியூனிக் நீதிமன்றம் ஒரு தள உரிமையாளர் 100 யூரோ இழப்பீடு தர வேண்டும் எனத் தீர்ப்பளித்தது.

இறுதியாக, வரைவதற்கான கருவி. ஒரு காலத்தில் எங்கும் பேசப்பட்ட வடிவமைப்புத் தளமான இன்விஷன், 2024 இறுதியில் தன் வடிவமைப்புச் சேவைகளை மூடிவிட்டது. நான் ஃபிக்மா என்ற இணையவழி வடிவமைப்புக் கருவியில்தான் வேலை செய்கிறேன். மூல நிரல் எல்லோருக்கும் திறந்திருக்கும் திறமூல மென்பொருளான பென்பாட், நம் சொந்தச் சேவையகத்திலேயே நிறுவிக்கொள்ளத் தக்கது என்பதால் சிறிய பணிகளை அதில் செய்து பழகி வருகிறேன். எதில் செய்தாலும், பணி முடிந்த அன்றே எஸ்விஜி, பிடிஎஃப் கோப்பு வடிவங்களில் பிரதிகளை எடுத்து என் வன்தட்டில் வைத்துவிடுகிறேன்.