லியோனின் 'ரகசியச் சுரங்கங்கள்' போருக்காகத் தோண்டியவை இல்லை

பிரான்சின் லியோன் நகரத்தில் ஒரு கதவுக்குள் நுழைந்து அடுத்த தெருவில் வெளியே வரும் வழிகளின் படத்தைப் போட்டு, "நாஜிகளிடமிருந்து தப்பிக்க இரண்டாம் உலகப்போரில் தோண்டிய சுரங்கங்கள்" என்று ஒரு பதிவு சுற்றுகிறது. தவறு.

முதலில், இவை சுரங்கமே இல்லை. த்ராபூல் என்று பெயர். கட்டடங்களின் கீழ்த்தளத்தையும் முற்றத்தையும் ஊடுருவிப் போகும் நடைவழி, அவ்வளவுதான். சோன் ஆற்றை ஒட்டிய பழைய லியோனில் தெருக்கள் ஆற்றுக்கு இணையாகவே நீள்கின்றன, குறுக்குச் சந்துகள் குறைவு, அதனால் ஊரைச் சுற்றாமல் கரைக்குப் போக வீட்டுக்குள்ளேயே வழி விட்டுக் கட்டினார்கள். அந்தக் கட்டடங்களில் பல 15, 16ஆம் நூற்றாண்டுகளைச் சேர்ந்தவை. ஹிட்லரின் தாத்தாவே அப்போது பிறக்கவில்லை!

அதே நகரின் க்ருவா ரூஸ் மேட்டில் இருப்பவை அப்புறம் வந்தவை. 19ஆம் நூற்றாண்டில் பட்டு நெசவாளர்கள் அங்கே குடியேறினார்கள். ஜக்கார்டு என்ற உயரமான நெசவுத்தறி நிற்க வேண்டும் என்பதற்காக அந்த வீடுகளின் கூரை சுமார் 4 மீட்டர் உயரம். நெய்த பட்டுத் துணியை மழையில் நனையாமல் தூக்கிப்போக இந்த வழிகள் உதவின. 1831இல் கூலி கேட்டுக் கிளர்ந்தவர்களும் இதே நெசவாளர்கள்தான்.

சரி, போருக்குச் சம்பந்தமே இல்லையா? உண்டு. ஜெர்மன் ஆக்கிரமிப்பின்போது எதிர்ப்பு இயக்கத்தார் ஏற்கெனவே இருந்த இந்த வழிகளில் புகுந்து தப்பினார்கள்.